ஐம்பத்து மூன்றாம் பக்கம், நாலாவது கட்டம்

"மேடம், அவன் கையை விட்டானா, இல்ல கை நழுவிப்போச்சா? ஒரே வார்த்தை சொல்லுங்க. அதை வாங்கிட்டுப் போகத்தான் மதுரையிலேருந்து வந்திருக்கேன்."

கேட்டவர் சங்கரபாண்டி. ஐம்பத்திரண்டு வயது, தலையில் பாதி நரை, பையில் ஸ்டீல் ஸ்கேல்.

பதில் சொல்ல வேண்டியவர் பூரணி. வயதில் அவரைவிடப் பதினைந்து வருஷம் சின்னவர். சாத்தூரில் ஓர் அச்சகத்தின் மாடியில் உட்கார்ந்து, 'சாம்பல் கழுகு' காமிக்ஸின் பேச்சுக் குமிழ்களில் நிப்புப் பேனாவால் வசனம் எழுதுகிறவர். ரசிகர்கள் அவரைக் குரு என்பார்கள். அவர் ரசிகர்களை சார் என்பார்.

வழக்கு இதுதான். ஐம்பத்து மூன்றாம் பக்கம், நாலாவது கட்டம். மணிக்கூண்டின் உச்சியில் சாம்பல் கழுகு. அவன் கைக்குக் கீழே விழுகிற வில்லன். கழுகின் கை விரிந்திருக்கிறது. பேச்சுக் குமிழ் காலியாக இருக்கிறது.

நழுவிவிட்டது என்பது சங்கரபாண்டி கட்சி. விட்டுவிட்டான் என்பது அவர் சிநேகிதன் செல்வின் கட்சி. பத்தொன்பது வருஷமாக இதே சண்டை. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு உயிரைக் கொடுக்க நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

இத்தனைக்கும் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில், ஒரே புத்தகத்தைச் சேர்ந்து படித்தவர்கள். செல்வின் வேகமாகப் படிப்பான். பக்கத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். சங்கரபாண்டி "ம்" என்ற பிறகுதான் திருப்புவான்.

"அந்தக் குமிழை ஏன் மேடம் காலியா விட்டீங்க?"

"எழுத மறந்துட்டேன் சார்."

குருவுக்கு என்ன அடக்கம் என்று சங்கரபாண்டி சிரித்தார்.

பூரணி பீரோவிலிருந்து மூலப்பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பாருங்க."

சங்கரபாண்டி ஸ்கேலை வைத்து அளந்தார். கழுகின் விரல்நுனியும் வில்லனின் விரல்நுனியும் தொட்டுக்கொண்டிருந்தன. போனில் படம் எடுத்தார்.

"சாம்பல் கழுகு யாரையும் கைவிட மாட்டான் மேடம். இது போதும் எனக்கு."

---

அடுத்த மாதம் மறுபடி வந்தார்.

"செல்வின் வாயே திறக்க மாட்டேங்கிறான் மேடம். தோத்துட்டேன்னு ஒத்துக்கவும் இல்ல."

பூரணி பக்கத்தை எடுத்து வைத்தார்.

விரல்நுனிகள் தொடவில்லை. நடுவில் மூன்று சென்டிமீட்டர்.

"இது வேற பக்கம்."

"அதே பக்கம்தான் சார்."

சங்கரபாண்டி போனைத் திறந்து, போன மாதம் எடுத்த படத்தைப் பார்த்தார். அதிலும் மூன்று சென்டிமீட்டர். போன தடவை கையைப் பார்த்துக்கொண்டிருந்த வில்லன், இப்போது நேராக இவரைப் பார்த்தான்.

"நீங்க மாத்தி வரைஞ்சிட்டீங்க."

"எனக்கு எழுதத்தான் தெரியும். வரையத் தெரியாது."

"அப்ப யாரு வரைஞ்சது?"

"குரூப்ல என்ன எழுதுனீங்க சார்?"

எழுதியது இதுதான். விரல் தொட்டுக்கொண்டிருக்கும் படத்தை அவர் போட்டதும், "தொடுற தூரத்துல இருந்தும் பிடிக்கலையே" என்று செல்வின் பதில் போட்டான். இருநூற்று நாற்பது பேர் பார்க்கிற வாட்ஸப் குரூப். அத்தனை பேர் முன்னால் சங்கரபாண்டி எழுதினார்: "பொண்டாட்டியே விட்டுட்டுப் போன ஆளு கைவிடுறதைப் பத்திப் பேசுறான்."

அதைக் குருவிடம் அவர் சொல்லவில்லை. படியிறங்கிப் போனார்.

ஊர் திரும்பிய பஸ்ஸிலேயே குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தார். செல்வினை நீக்கலாமா? இருநூற்றுப் பதினொரு பேர் ஆமாம் என்றார்கள். அட்மின் என்ற முறையில் நீக்கினார். அவன் நம்பரையும் பிளாக் செய்தார். விருதுநகர் வந்தபோது மனசு லேசாக இருந்தது என்று நினைத்துக்கொண்டார்.

---

பன்னிரண்டாம் நாள், உச்சிவெயிலில், மூச்சிரைக்க மாடியேறி வந்தார். சவரம் செய்யவில்லை. ஸ்கேல் கொண்டுவரவில்லை.

"மேடம், செல்வின் ஒம்பது நாளா வேலைக்குப் போகலையாம். கதவைத் தட்டினா 'போங்க'ன்னு ஒரு குரல் மட்டும் வருமாம். இன்னைக்குக் காலையிலேருந்து அதுவும் வரலையாம்."

"அவர் வீடு எங்க?"

"தூத்துக்குடி."

"அப்புறம் ஏன் சார் இங்க வந்தீங்க?"

சங்கரபாண்டி தலைகுனிந்தார்.

"பக்கத்தைப் பார்க்கணும்."

பூரணி எடுத்து வைத்தார்.

மணிக்கூண்டு இருந்தது. விரிந்த கை இருந்தது. கட்டம் முழுக்க வெறும் வானம். கீழ்க்கோட்டின் ஓரத்தில் வில்லனின் நாலு விரல் மட்டும் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன.

கரண்ட் போனது. சங்கரபாண்டி நின்றுபோன மின்விசிறியை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்.

மூன்று விரல்.

அவர் மேஜையின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் பக்கத்தையே பார்த்தார். பார்க்கிறவரை அது அசையவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கண்ணை எடுத்தா இறங்குது மேடம்."

"ஆமா சார்."

"என் போன் சட்டைப் பையில இருக்கு. நீங்க எடுத்து அவனுக்குப் போடுங்க. நான் இதைப் பிடிச்சிருக்கேன்."

"நான் போட முடியாது சார்."

"நான் போனைப் பார்த்தா அவன் போயிருவான்!"

பூரணி நிப்பை மையில் தோய்த்து, அந்தக் காலிக் குமிழுக்கு மேலே பிடித்தார். வசனத்துக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

சங்கரபாண்டி பயத்தில் வாய்விட்டு அழுதார். பிறகு பக்கத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

பிளாக்கை எடுக்க விரல் இரண்டு தடவை தவறியது. நம்பரைப் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மேஜைப் பக்கம் அவர் திரும்பவில்லை.

யாரோ எடுத்தார்கள்.

ஹலோ இல்லை. யாரென்று கேட்கவில்லை. ரொம்பத் தூரத்திலிருந்து வருவதுபோல் மெலிந்த மூச்சு மட்டும்.

பத்தொன்பது வருஷ வாதத்தில் ஒரு வரிகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"ம்," என்றார்.

பின்னால் நிப்பு காகிதத்தில் கீறியது.

மறுமுனையில், பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது.