நீலப்பட்டில் சுண்ணாம்புப் புள்ளி

முன்னொரு காலத்தில், எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடிக்கும் மன்னர் ஒருவர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். ஒருநாள் காற்றைக் காட்டு என்று கேட்டார். அவையில் விகடம் சொல்லும் பூவராகன் அவரை மேல்மாடத்துக்கு அழைத்துப் போய், அவருடைய தலைப்பாகையைக் கழற்றிப் பறக்கவிட்டான். அது குளத்தில் போய் விழுந்தது. மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். கூடவே அவையும் சிரித்தது. மத்தள வித்துவான் திருமேனிநாதர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் சிரித்துப் பத்து நாளாகிவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோயில் தேருக்கு முன்னால் அவருடைய மத்தளம்தான் போகும். இந்த ஆண்டு பம்பைக்கார எல்லப்பன் வாசிக்க வேண்டும் என்று ஊரார் கேட்டிருந்தார்கள். எல்லப்பன் கூத்துக்கும் அம்மன் கொடைக்கும் வாசிக்கிறவன். முறையாகப் பாடம் கேட்டவனில்லை. ஒரு பிற்பகலில் திருமேனிநாதர் மேல்துண்டால் தலையை மூடிக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் நின்று அவன் வாசிப்பைக் கேட்டார். குறை கண்டுபிடிக்கத்தான் போனார். ஒன்று கிடைத்திருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார். கிடைக்கவில்லை. வழியெல்லாம் நெஞ்சில் ஏதோ எரிந்தது. அதற்குப் பெயர் என்னவென்று தன்னையே கேட்டுக்கொள்ளத் துணிச்சல் இல்லாமல், காலையில் தின்ற ஊறுகாய் என்று வைத்துக்கொண்டார்.

"வித்துவானே, அந்த எல்லப்பன் வாசிப்பு எப்படி?" என்று மன்னர் கேட்டார்.

"வாசிப்பா? வெறும் இரைச்சல், அரசே. அதைக் கேட்டால் சாமியே தேரைவிட்டு இறங்கி ஓடிவிடும்."

"இப்போது பேசியது வித்துவான் அல்ல, அரசே. அவருக்குள்ளே குடியிருக்கும் பொறாமை" என்றான் பூவராகன்.

அவை சிரித்தது. திருமேனிநாதருக்குக் காது சிவந்தது. சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிதானமாக எழுந்தார்.

"அரசே, காணாததை நம்பாதவர் தாங்கள். அந்தப் பொறாமையை நாளை இதே அவையில் இவன் காட்டட்டும். காட்டாவிட்டால், இவனும் அந்தப் பம்பைக்காரனும் நாட்டின் எல்லையைத் தாண்டிப் போகட்டும்."

மன்னரின் கண்கள் பளபளத்தன. "நாமும் அதைக் கண்டதே இல்லை! பூவராகா, நாளைக்குக் காட்டு!"

வெளியே வரும்போது பூவராகன் அவர் பக்கத்தில் நடந்தான். "என்னைத் துரத்துறது சரிங்க ஐயா. நான் எங்க போனாலும் வாயால பொழைச்சுக்குவேன். அந்த மனுசனுக்கு நாலு புள்ளைங்க."

நான்கு பிள்ளைகள் என்பது திருமேனிநாதருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் சொன்னதைத் திரும்பப் பெற அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அவர் மன்னர் பரிசளித்த கருநீலப் பட்டை உடுத்திக்கொண்டு வந்தார். எல்லப்பன் பம்பையோடு ஓரமாக நின்றான். பூவராகன் தாம்பூலத் தட்டோடு அவையைச் சுற்றி வந்து எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்தான். திருமேனிநாதரிடம் வந்தபோது சுண்ணாம்புச் செப்பை நீட்டிக் குனிந்தான்.

"நல்லா எடுத்துக்குங்க ஐயா. இன்னைக்கு யார் ஊரைவிட்டுப் போனாலும் வாயாவது சிவக்கட்டும்."

இடக்கையில் வெற்றிலை, வலக்கை ஆள்காட்டி விரல் நிறையச் சுண்ணாம்பு. அந்த நொடியில் எல்லப்பன் பம்பையில் கோலைப் போட்டான்.

எதையும் கேட்பதில்லை என்ற உறுதியோடுதான் திருமேனிநாதர் வந்திருந்தார். தூணில் செதுக்கிய யாளியின் பற்களை எண்ணத் தொடங்கினார். ஐந்தாவது பல்லில் எண்ணிக்கை தவறியது. வாசிப்பு அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டது. பாவி, எங்கிருந்து எடுக்கிறான் இதை? எனக்கு ஏன் இது வரவில்லை? நாற்பது ஆண்டு தட்டித் தேய்த்த இந்தக் கைக்கு ஏன் வரவில்லை?

வாசிப்பு நின்றது. பூவராகன் கைகூப்பினான்.

"அரசே, அவையோர் எல்லோருடைய வாயும் சிவந்திருக்கிறது. வித்துவானின் வெற்றிலை மட்டும் கையிலேயே வாடுகிறது. அவர் எழுந்து நிற்க ஆணையிடுங்கள்."

திருமேனிநாதர் எழுந்தார். கருநீலப் பட்டில், தொடையிலிருந்து முழங்கால் வரை, வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. தாளக் கணக்குத் தவறாமல் இருக்க, ஒவ்வொரு தட்டுக்கும் விரலைச் சற்றுத் தள்ளித் தள்ளித் தொடையில் வைப்பது பாடம் கற்ற நாளிலிருந்து அவருக்கு ஊறிப்போன பழக்கம்.

"இரைச்சலுக்கு யாரும் தாளம் போடுவதில்லை, அரசே. விரல் வாசிப்போடு போகிறது, வாய் அதை ஏசுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் தாங்கள் கேட்டீர்கள். இதோ, பட்டிலே பதிந்திருக்கிறது."

மன்னர் அரியணையில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். அவை அதிர்ந்தது. திருமேனிநாதருக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. பத்து நாளாக மூடிவைத்திருந்ததை ஒரு விரல் இத்தனை பேர் முன்னால் எழுதிக் காட்டிவிட்டதே.

எல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அருகில் வந்து குந்தி உட்கார்ந்து, புள்ளிகளை உதட்டுக்குள் எண்ணினான்.

"சாமி, அஞ்சாவது வரிசையில நான் ஒரு தட்டு சும்மா விட்டேன். அங்க நீங்க ஒண்ணு வெச்சிருக்கீங்களே?"

"அது... கை தானாக வைத்தது."

"எனக்கு இது தோணவே இல்லையே சாமி." அவன் முகம் லேசாக வாடியது. திருமேனிநாதர் அந்த வாட்டத்தை உற்றுப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்தான் அது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

தேரோட்டத்தில் எல்லப்பன் முன்னால் போனான், மத்தளம் பக்கத்திலேயே போனது. அந்த இடம் வரும்போதெல்லாம் எல்லப்பன் கோலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தான். திருமேனிநாதர் அந்த ஒரு தட்டைத் தட்டினார், தேவைக்குக் கொஞ்சம் பலமாகவே. மாடத்திலிருந்த மன்னர் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தம்முடைய பொன்னாலான சுண்ணாம்புச் செப்பை எடுத்துப் பூவராகன் கையில் வைத்தார்.

பூவராகன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, மன்னரின் வெண்பட்டு உடையையும் பார்த்தான்.

"நல்லவேளை அரசே, தாங்கள் வெள்ளை உடுத்தியிருக்கிறீர்கள். தங்கள் விரல் எதை எழுதினாலும் தெரியாது" என்றான்.