கூடலிங்கத்தின் காகிதப் பட்டி

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகம் ஒன்றில் பைண்டிங் பிரிவுக்கு மேஸ்திரி கூடலிங்கம். மனுஷன் வாயாலேயே வடை சுட்டுப் பந்தியும் பரிமாறிவிடுவார். பசியோடு எழுந்து போவது கேட்டவர்கள் பாடு.

அன்று ஆயுத பூஜை. ஒவ்வொரு பிரிவும் போட்டிக்கு ஒரு காகித மாடல் செய்து வைக்க வேண்டும். ஜெயித்தது முன்கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்க உட்காரும். காகிதமும் பசையும் தவிர வேறு எதைச் சேர்த்தாலும் நீக்கம் என்று மேனேஜர் ரத்தினசாமி நோட்டீஸ் ஒட்டியிருந்தார். ஆறு வருஷமாக அந்த இடம் ஆப்செட் பிரிவுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று பைண்டிங் தங்கபுஷ்பம் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, பழைய காலண்டர் அட்டையில் ஒரு கப்பல் கட்டினாள். காலையில் வந்து பார்த்தால் அடிப்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு விரிந்து கிடக்கிறது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதுக்குப் போயி கண்ணைக் கசக்குறியே! பட்டி பாத்துருவோம்" என்றார் கூடலிங்கம்.

காருக்குப் பெயிண்ட் அடிக்குமுன் பள்ளத்தை அடைப்பார்களே, அந்தப் பட்டி. இவர் கட்டிங் மிஷினடியில் கிடந்த காகிதச் சீவலை அள்ளி வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தார். சட்டியில் மிச்சமிருந்த மைதா பசையைப் போட்டு சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து விரிசலில் அப்பினார். வெயிலில் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"எங்க வீட்டு அண்டா ஓட்டையை இதை வச்சுத்தான் அடைச்சேன். அன்னைக்குப் புடிச்ச தண்ணி இன்னைக்கு வரைக்கும் வெளிய வரல. கவுத்தாலும் வரல."

"அப்ப எப்படி அண்ணாச்சி குளிக்கீக?" என்றான் கட்டிங் மிஷின் பரமன்.

"அண்டாக்குள்ள இறங்கித்தான். இதென்ன பிரமாதம்? கண்மாய் மடை உடைஞ்சப்ப ஒரே ஒரு உருண்டை எறிஞ்சேன். மடை அடைஞ்சுபோச்சு. தெறிச்ச துளி மேல போயி வானத்து ஓட்டையையும் அடைச்சிருச்சுப்பா! நம்ம ஊருல மழை ஏன் இல்லைங்கற? கலெக்டரே வந்து, கொஞ்சம் சுரண்டி விடுங்கன்னு கெஞ்சிட்டுப் போனாரு."

"கேப்பையில நெய் வடியுது, கேட்டுக்கோங்க" என்றான் பரமன். "வெறும் காகிதத்துக்கு இம்புட்டு பலமா?"

கூடலிங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எவன்டா வெறும் காகிதம்னு சொன்னது? ஆமை ஓட்டுப் பொடி, இடி விழுந்த பனையோட கரி, ரெண்டு படி இரும்புத்தூள்..."

"இரும்புத்தூளா?"

பின்னால் நோட்டும் பென்சிலுமாக மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

தங்கபுஷ்பம் ஓடி வந்து கூடலிங்கத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுங்க!"

"சார், வெறும் காகிதச் சீவலும் மைதா பசையும்தான் சார். சத்தியமா!"

"இருபது வருஷத்துல நீ நம்புற மாதிரி பேசுறது இதுதான்யா முதல் தடவை. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

பென்சில் நோட்டில் பட்டுவிட்டது. தங்கபுஷ்பம் மிச்சமிருந்த பட்டி உருண்டையை எடுத்துத் தண்ணீர்த் தம்ளரில் போட்டாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உருண்டை மெல்லக் கரைந்து கூழாகி, சிவப்பு எழுத்தில் ஒரு 'ஞாயிறு' மேலே மிதந்து வந்தது. மேனேஜர் விரலை விட்டுத் துழாவினார். கரியும் இல்லை, இரும்பும் இல்லை.

"சரி, கப்பல் போட்டியில இருக்கு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடலிங்கத்தால் அரை நிமிஷம் பொறுக்க முடியவில்லை.

"பாத்தீகளா சார்? தண்ணியைக் கண்ட பயத்துல இரும்பே காகிதமாயிருச்சு! ஒரு மணி நேரம் ஊறட்டும், போன வருஷக் காலண்டரா முழுசா எந்திரிச்சு வரும். எடுக்காம விட்ட லீவையெல்லாம்..."

மேனேஜரின் பென்சில் மறுபடி நோட்டுக்கு இறங்கியது. தங்கபுஷ்பம் கப்பலை மாரோடு அணைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"சார், நீக்கித்தான் ஆகணும்னா அண்ணாச்சியை நீக்கிருங்க."