பம்புசெட் ஆபீசுக்கு நாளை வராமல் போன கதை

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனி. அதன் ஆபீசில் மேனேஜர் திருமூர்த்தியையும் சேர்த்து நான்கு பேர். நால்வருக்கும் மூளை இருந்தது. அதை அநாவசியமாகத் தொந்தரவு செய்யும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை.

தினமும் ஒரே வேலை. கடைக்காரர்கள் மெயிலில் அனுப்பும் ஆர்டரைக் குப்புராஜ் வாசிப்பார், அம்சவேணி பில் அடிப்பார், பொங்கியண்ணன் குடோனுக்கு அனுப்பும் பட்டனை அமுக்குவான். திருமூர்த்தி மேற்பார்வை செய்வார். அதாவது ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவார்.

இந்த வேலையைத் தானாகவே செய்ய முதலாளி ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். அதைப் போட்டுக்கொடுக்க வந்த ரேஷ்மா என்ற பெண் சொன்னாள்: “இன்னைக்கு வேலையை ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. அது பார்த்துப் பதிஞ்சுக்கும். நாளையிலிருந்து அதுவே செய்யும். ஆனா, இன்னைக்கு இருக்கற மாதிரியே எல்லாம் இருக்கணும். எதையும் மாத்திடாதீங்க.”

கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல் பெயர்களைத்தான் சொன்னாள். அதை விளக்க வேண்டியிருக்கும் என்று பாவம், அவளுக்குத் தோன்றவில்லை.

செய்து காட்டினார்கள். அன்று அம்சவேணி மஞ்சள் புடவை. குப்புராஜ் ஆர்டரை வாசிக்கும்போது தும்ம, கையிலிருந்த டீ மேனேஜர் மேசையில் கொட்டியது. ஒரு கூரியர்காரர் பக்கத்துக் கட்டடத்துப் பார்சலோடு தவறி உள்ளே வந்து, மன்னிப்புக் கேட்டுப் போனார். பொங்கியண்ணன் சிரித்த முகத்தோடு கல்யாண லீவு கேட்டான். வருகிற புதன்கிழமை அவனுக்கு முகூர்த்தம். “நாளைக்கு வா, கையெழுத்துப் போடறேன்” என்றார் திருமூர்த்தி, டீயைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் காலை சாஃப்ட்வேர் அசையவில்லை. நால்வரும் அதன் முன்னால் துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.

“என்னமோ மாறிப் போச்சுங்க” என்றார் குப்புராஜ். சுற்றிலும் பார்த்தார். “அம்சவேணி பச்சைப் புடவை கட்டியிருக்குது.”

“புடவையெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அம்சவேணி.

“மேலே கேமரா எதுக்கு வெச்சிருக்காங்க? அதுக்கென்ன மாறுகண்ணா?”

அம்சவேணி பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் மஞ்சள் புடவையில் திரும்பினார். அவர் உள்ளே காலை வைக்கவும், காலையிலிருந்து போயிருந்த இன்டர்நெட் வரவும் சரியாக இருந்தது. பில்கள் தானாகப் பறந்தன. அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்?

அன்றிலிருந்து அம்சவேணிக்கு மஞ்சள் புடவைதான். குப்புராஜ் தும்முவதற்காக மூக்குப்பொடி வாங்கி வைத்துக்கொண்டார். டீயைக் கொட்டுவதற்கென்றே ஆற வைத்தார்கள். கூரியர்காரரைத் தெருமுனையிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள்.

“ஏனுங்க, நான் அன்னைக்குத் தப்பான இடத்துக்கில்ல வந்தேன்?” என்றார் அவர்.

“அந்தத் தப்பைத் தினமும் சரியாப் பண்ணோணும்” என்றார் குப்புராஜ்.

பொங்கியண்ணன் தினமும் லீவு கேட்டான். திருமூர்த்தி பேனாவை எடுப்பார், ஒரு கணம் தயங்குவார், மூடி வைப்பார். “நாளைக்கு வா, கையெழுத்துப் போடறேன்.”

“அந்த நாளைக்கு எப்பங்க வரும்?”

“உஸ்! அன்னைக்கு நீ இப்படிக் கேக்கலை. சிரிச்சுட்டுப் போனே. சிரி.”

அழுகை வந்தாலும் சிரித்துவிட்டுத்தான் போனான். அவன் முகம் கோணி சாஃப்ட்வேர் நின்றுவிட்டால் எத்தனை ஊர்த் தோட்டத்தில் தண்ணீர் பாயாமல் போகும்!

புதன்கிழமை வந்தது. மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்தவருக்குக் கன்னம் வலித்தது, மாப்பிள்ளையைக் காணோம். மணப்பெண் கோகிலவாணி கூறைப்புடவையோடு வேனில் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் அப்பா சென்னியப்பன், கல்யாணம் நடத்தி வைக்கும் அருமைக்காரர், சமையல்காரர், சொந்தபந்தம் எல்லாம்.

உள்ளே பொங்கியண்ணன் சிரித்தபடி லீவு கேட்டுக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு வா...” என்று தொடங்கினார் திருமூர்த்தி.

“நாளைக்குன்னா எனக்கு முகூர்த்தம் இல்லைங்க” என்றாள் கோகிலவாணி. “இவர் இப்ப எந்திரிச்சு வர்றாரா, இல்லை நான் ஊருக்குப் போகட்டுங்களா?”

பொங்கியண்ணனின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. கதவைச் சாத்திக்கொண்டு நால்வரும் ஆலோசித்தார்கள்.

“அனுப்பி வெச்சா சாஃப்ட்வேர் நின்னுடும்” என்றார் திருமூர்த்தி.

“அனுப்பலைன்னா பொண்ணு போயிரும்” என்றார் குப்புராஜ்.

அம்சவேணி மஞ்சள் முந்தானையைக் கசக்கியபடி யோசித்தார். “பழசை அழிச்சுட்டுப் புதுசாப் பதிஞ்சா என்னங்க? வேலையைச் செஞ்சு காட்டறப்பவே நடுவுல தாலியையும் கட்டிரட்டும். லீவே வேண்டாம்.”

திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளையை இத்தனை நாள் பில் அடிக்க விட்டோமே!

சாஃப்ட்வேர் பார்க்க, மேளம் கொட்ட, பில் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே பொங்கியண்ணன் தாலி கட்டினான். கூரியர்காரரும் பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அட்சதை போட்டார். ஃபேனுக்குக் கீழே பந்தி நடந்தது. ஒரு ஆர்டர்கூடத் தவறவில்லை.

மறுநாள் விடிந்ததும் சென்னியப்பன் வீட்டு போன் அடித்தது.

“பொண்ணோட அப்பாங்களா?” என்றார் திருமூர்த்தி பதற்றத்தோடு, “இன்னும் யாரையும் காணோமே? பொண்ணு, மாப்பிள்ளை, மேளம், அருமைக்காரர், சமையல் ஆளுங்க எல்லாரும் உடனே வாங்க. நேத்து மாதிரியே எல்லாம் இருந்தாத்தான் வேலை நடக்கும். பாயசத்துல முந்திரி அதே அளவு இருக்கட்டும்.”

சென்னியப்பன் போனை மறு காதுக்கு மாற்றினார். “ஏனுங்க, இப்படி எத்தனை நாளைக்குங்க தாலி கட்டறது?”

“பயப்படாதீங்க,” என்றார் திருமூர்த்தி ஆறுதலாக. “ஒரு வருஷத்துக்குத்தான் லைசென்ஸ் எடுத்திருக்கோம். அப்புறம் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒத்துப் போச்சுன்னா புதுப்பிச்சுக்கலாம்.”