அக்கரையில் நின்ற வண்டி

ஆவுடை பேராசிரியர் எபனேசரின் அறைக்கு வந்தபோது எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் போகவில்லை. காலையிலும் சாப்பிடவில்லை.

தாமிரபரணிக் கரையில் இருந்தது அந்தப் பொறியியல் கல்லூரி. இறுதியாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, வெளியே உள்ள ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் செய்து தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆவுடையின் குழுவுக்கு வாய்த்தது ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனம். யாராவது அவசரமென்று அழைத்தால், அந்த இடத்துக்கு மிக அருகில் நிற்கும் வண்டி எது என்று திரை காட்ட வேண்டும். குழுவில் மூன்று பேர். ஆவுடை, பெனசிர், முத்துக்குட்டி. ஆவுடைதான் தலைவி. நிறுவனத்தார் முன்னால் அதை இயக்கிக் காட்ட வேண்டிய நாள், மறுநாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

எபனேசர் மடிக்கணினியை மூடினார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"கேளும்மா."

"குழுவுல ஒரு ஆள் சரியில்லன்னா என்ன சார் செய்யணும்?"

"யாரு?"

"முத்துக்குட்டி."

சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. அவன் எழுதித் தருவதில் பாதி ஓடாது. ஓடுகிற பாதியையும் அவள்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். கூட்டத்துக்கு வருவான், மூலையில் உட்காருவான், வாயைத் திறக்க மாட்டான். நாளைக்கு நிறுவனத்திலிருந்து வருகிறவர்கள் ஏதாவது கேட்டு அவன் திருதிருவென்று விழித்தால் அத்தனை உழைப்பும் போய்விடும்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எபனேசர் குறுக்கே பேசவில்லை. வாசலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர்களைப் பிறகு வரும்படி எபனேசர் கை காட்டினார். அவள் சொல்லி ஓய்ந்த பிறகும், இன்னும் ஏதாவது இருக்குமோ என்பதுபோலக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"அவன் பேர எடுத்திருங்க சார். நாளைக்கு நானும் பெனசிரும் மட்டும் நிக்கோம்."

"எடுத்திரலாம்."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்குமென்று அவள் நினைத்திருக்கவில்லை.

"கடைசியா உன்கிட்ட அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"எதப் பத்தி சார்?"

"இந்த வேலையப் பத்தி."

யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அதத் தெரிஞ்சுக்கிட்டு வா. எடுத்திருதேன்."

ஆய்வகத்தில் முத்துக்குட்டி ஜன்னலோரம் இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கூடப் படிக்கிறவளுக்கு எதற்கு எழுந்து நிற்கிறான் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

"வேலையப் பத்தி எங்கிட்ட நீ கடைசியா என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலையே."

"ஏதாவது சொல்லியிருப்பல்லா. நெனச்சுப் பாரு."

அவன் பக்கத்தில் இருந்த பெனசிரைப் பார்த்தான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆத்தப் பத்தி ஒண்ணு கேட்டேன். அது அப்பவே முடிஞ்சுபோச்சு."

"எந்த ஆறு?"

"நம்ம ஆறுதான். வண்டி எந்தக் கரையில நிக்குன்னு நாம பாக்கோமான்னு கேட்டேன். மொதல்ல உன் பிழையத் திருத்து, பொறவு ஆத்தத் தாண்டலாம்னு நீ சொன்ன. பக்கத்துக் குழு பிள்ளைங்கள்லாம் சிரிச்சாங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கும் உறுதியாத் தெரியாது. சும்மாதான் கேட்டேன்."

ஆவுடைக்கு அப்படி ஒரு பேச்சே நினைவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆற்றோரத்து ஊர் ஒன்றிலிருந்து அழைப்பு வருவதாகப் பதிந்தாள்.

திரை நொடியில் விடை சொன்னது. வண்டி ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது. அழைத்த வீடும் அந்த வண்டியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதுபோலத்தான் தெரிந்தன. நடுவில் மெல்லியதாக ஒரு நீலக்கோடு ஓடியது.

வண்டி அக்கரையில் நின்றது. வரைபடத்தில் பாலம் எங்கோ கீழே, வெகு தொலைவில் இருந்தது. இக்கரையில் சற்றுத் தள்ளி இன்னொரு வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. திரை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

தூரம் அளக்கும் பகுதியை எழுதியவள் ஆவுடை. சாலை வழியாக அல்ல, நேர்கோட்டில் அளந்திருந்தாள்.

இன்னொரு முறை பதிந்து பார்த்தாள். மறுபடியும் அதே வண்டிதான் ஒளிர்ந்தது.

பெனசிர் எழுந்து வந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்குள்ள இத மாத்த முடியாது. டவுனுக்குள்ள இருக்கிற இடமாப் போட்டுக் காட்டுவோம். ஆத்துப் பக்கம் போகவே வேண்டாம். பொறவு சத்தமில்லாமச் சரி பண்ணிக்கிடலாம்."

அது புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. ஆவுடை "ம்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் வந்த பேருந்து பாலத்தின் மேல் ஊர்ந்தது. இத்தனை நாளும் கைபேசியைப் பார்த்தபடியே கடந்துபோன பாலம். அன்றைக்கு அது முடிவேனா என்றது.

நிறுவனத்திலிருந்து வந்தவர் திருமதி பிரேமகலா. அழைப்புகளை ஏற்று வண்டிகளை அனுப்பும் பிரிவுக்குப் பொறுப்பாளர். எபனேசர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆவுடை முதல் இடத்தைப் பதிந்தாள். வண்டி சரியாக வந்தது. இன்னோர் இடம். அதுவும் சரி.

"நல்லாருக்கே," என்று சிரித்தார் பிரேமகலா. "எங்ககிட்ட வேலை பாக்குற பிள்ளைங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

போதும், முடித்துவிடு என்று பெனசிர் கண்ணைக் காட்டினாள்.

"மேடம், இதுல ஒரு தப்பு இருக்கு." ஆவுடை விசைப்பலகையை விட்டு நகர்ந்து நின்றாள். "தப்பு பண்ணது நான். அதக் கண்டது முத்துக்குட்டி. அவன் காட்டுவான்."

முத்துக்குட்டி இதை எதிர்பார்க்கவில்லை. தட்டுத்தடுமாறி முன்னால் வந்தான். ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான். பச்சை ஒளிர்ந்தது. நீலக்கோட்டின் மேல் விரலை வைத்து, "இது ஆறு மேடம்," என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச வரவில்லை. தேவைப்படவும் இல்லை.

பிரேமகலாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஊர்லருந்து எங்களுக்கு அடிக்கடி அழைப்பு வரும்மா," என்றார் மெதுவாக. பிறகு, "சரி பண்ண எவ்வளவு நாளாகும்?"

ஆவுடை முத்துக்குட்டியைப் பார்த்தாள்.

"பாலம், ரோடு எல்லாம் சேக்கணும்," என்றான் அவன். "பரீட்ச முடியுற வரைக்கும் ஆகும் மேடம்."

"அதுவரைக்கும் இது வேண்டாம். எங்க ஆளுங்க வழக்கம்போல போன்லயே விசாரிச்சு அனுப்பிக்கிடுவாங்க. முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. மொதல்ல ஆத்தோரத்து ஊரத்தான் காட்டணும்."

கோபப்படவில்லை, பாராட்டவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மற்றக் குழுக்களின் வேலையெல்லாம் ஏற்கப்பட்டது. நடைகூடத்தில் யாரோ இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெனசிர் யாரிடமும் பேசாமல் விடுதிக்குப் போனாள். முத்துக்குட்டி ஆய்வகத்துக்குப் போனான்.

இயக்கிக் காட்டிய அறையில் எபனேசர் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டிருந்தார். ஆவுடை அங்கேயே நின்றாள்.

"என்னம்மா, பேர எடுக்கணுமா?"

"வேண்டாம் சார்."

அவர் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தார். அவள் போகவில்லை.

"ஆனா சார், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பக்கத்துலயேதான் உக்காந்திருந்தான். யாரோ சிரிச்சா என்ன? இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்லா?"

எபனேசர் ஜன்னல் கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு தடவ சொன்னான்லாம்மா," என்றார்.