பத்து வாரத்துக்கு ஒரு பேர்

"எங்க வீட்டுப் பசு கன்னு வீசிருச்சு சாமி, குறையிலயே போயிருச்சு. மறுபடி எப்ப சினைக்கு விடலாம்?"

கேட்டவள் பூங்கோதை. அவள் வீட்டில் பசுவே கிடையாது.

கரட்டு மடத்துச் சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாமி என்றதும் தாடியும் சடையுமாக நினைத்துவிடாதீர்கள். காவிப் புடவை கட்டிய பெண், பூங்கோதை வயசுதான். பழைய சாமி கண்ணை மூடும்போது, "இனிமே இவதான்" என்று கைகாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பூங்கோதைக்கு அதிலேயே சந்தேகம். நேற்று வரை பழைய சாமி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டவளுக்கு இன்றைக்குப் புதுசாக என்ன தெரிந்துவிடப் போகிறது? அதனால்தான் இந்தப் பசு.

"என்ன மாடு?" என்றாள் சாமி.

"நாட்டு மாடு."

"எத்தனையாவது ஈத்து?"

"தலை ஈத்து."

"எத்தனை மாசச் சினை?"

"பத்து வாரம்."

அரிவாள்மனையில் கை நின்றது.

"மாட்டுக்கு வாரக்கணக்கு எவ போடுவா, பூங்கோதை?"

பூங்கோதைக்கு முகம் சுண்டிப்போனது. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சொன்ன கணக்கு அது. நாலு மாசமாக மனசில் ஓடிக்கொண்டிருந்தது, வாயில் வந்துவிட்டது.

"என்னைச் சோதிச்சுப் பாக்க வந்தியாக்கும்?"

"ஆமா. சோதிக்காம?" அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "அடுப்படியில எங்க மாமியா தூக்குவாளி இருக்கு. நாச்சம்மான்னு பேர் வெட்டியிருக்கு. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நேத்து வந்தாங்க. ஒரு மூட்டை அரிசி, அந்த வாளி நிறைய நெய். 'இந்த மாசமே ஆகட்டும்னு எம் மருமககிட்ட சொல்லுங்க சாமி'ன்னாங்க."

"அதானே பாத்தேன்!"

"முந்தாநாள் உங்கம்மா வந்தாங்க. ஒரு தார் வாழை. 'ஒரு வருஷம் போகட்டும்னு சொல்லுங்க'ன்னாங்க."

பெற்ற தாயுமா?

"அரிசி, நெய், பழம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன். பந்திக்கு ஆகும். சொல்றேன்னு யாருக்கும் வாக்குக் குடுக்கல."

நம்பலாமா கூடாதா என்று பூங்கோதைக்குப் புரியவில்லை. நாலு மாசமாகவே அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. "உடம்புல ஒரு குறையும் இல்ல, நீங்க ரெண்டு பேரும் எப்பத் தயாரோ அப்ப" என்று டாக்டரம்மா சொன்னதில்கூட ஏதோ மறைக்கிறார் என்று தோன்றியது. சித்தி மகள் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய் வந்த தன் மேலேயே சந்தேகம். கரு கலைந்ததற்கு அதெல்லாம் காரணமே இல்லை என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லியும் அது போகவில்லை.

எல்லாரையும்விடப் புருஷன் தங்கராசு மேல்தான் சந்தேகம் அதிகம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. எப்போது போனில் கேட்டாலும், "உன் இஷ்டம்" என்பான், வைத்துவிடுவான். புதன்கிழமை பத்து நாள் லீவில் வருகிறான். மாமியார் அதற்குள் நாள் நட்சத்திரமெல்லாம் பார்த்து வைத்துவிட்டார். அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

"உனக்கு என்ன தோணுது?" என்றாள் சாமி.

"பயமா இருக்கு. மறுபடியும் கலைஞ்சா நான் தாங்க மாட்டேன்."

"தங்கிட்டா?"

"அதுவும் பயமாத்தான் இருக்கு. 'பாத்தியா, வந்துருச்சுல்ல'ன்னு சிரிச்சுக்கிட்டே இதைத் துடைச்சுப் போட்டுருவாங்க."

"எதை?"

அதற்குள் பந்திக்கு மணி அடித்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். இலை போட்டுச் சோறு வைத்ததும், செத்துப்போன தம் மனுசரை நினைக்கிறவர்கள் எழுந்து நின்று பேரை ஒரு தரம் உரக்கச் சொல்ல வேண்டும். பந்தி முழுக்க அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கும்.

அன்றைக்கு ஒரு பெரியவர் எழுந்து, "சடையப்பன்" என்றார். "சடையப்பன்" என்றது பந்தி. ஒரு பெண் எழுந்து, "வெள்ளையம்மா" என்றாள். "வெள்ளையம்மா" என்றது பந்தி.

பூங்கோதை குனிந்தபடியே இருந்தாள். நாலு மாசமாக அவள் அந்தப் பந்தியில் எழுந்ததில்லை. "பொறக்காததுக்கு ஏது பேரு?" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மாமியாரும் அம்மாவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சாம்பார் ஊற்றிக்கொண்டே வந்த சாமி அவள் இலை முன்னால் நின்றாள்.

"போன வாரம் உன் வீட்டுக்காரர் போன் பண்ணாரு."

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. "அவர் என்ன குடுத்தனுப்புனாரு? அவரு பங்குக்கு என்ன சொல்லச் சொன்னாரு?"

"ஒண்ணும் குடுக்கல. ஒண்ணும் சொல்லச் சொல்லவும் இல்ல. பத்து வாரத்துல போனதுக்கு இங்க பந்தியில பேர் சொல்ல விடுவீங்களான்னு கேட்டாரு."

"பேரா?"

"விடுவோம்னேன். அழுதாரு. வச்சுட்டாரு."

"என்ன பேரு?"

"அதை நான் எதுக்குக் கேக்கணும்?" சாமி அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

பாதியில் இலையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பார்கள். பூங்கோதை எழுந்தாள். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, இடது கையால் போனைத் தட்டினாள். இதுவும் மாமியார் சொல்லிக்கொடுத்த நாடகமாக இருக்குமோ என்று அப்போதும் ஒரு எண்ணம் ஓடியது.

மறுமுனையில் ஒரே மிஷின் சத்தம்.

"என்ன பேருங்க வச்சிருந்தீங்க?"

சத்தம் மெல்லக் குறைந்தது. அவன் எங்கோ வெளியே நடந்து வந்திருக்க வேண்டும்.

"யார் சொன்னா?"

"பேரைச் சொல்லுங்க."

"பவளம்," என்றான் தங்கராசு. "பொண்ணுன்னே நெனச்சுட்டேன். பையன் பேரு ஒண்ணும் யோசிக்கல."

பூங்கோதை மடத்துச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் மாறன்னு வச்சிருந்தேன்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவேன்னு."

"சொல்லாட்டி மட்டும் நான் சிரிச்சுக்கிட்டா கெடந்தேன்? பாவி மனுசா!"

அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு, "புதன்கிழமை வரச் சொல்லி அம்மா ஒத்தக்கால்ல நிக்குது. நான் வரவா, வேண்டாமா?" என்றான்.

"வாங்க. பவளத்தையும் மாறனையும் பந்தியில நின்னு சொல்லணும். மத்தது எப்பன்னு நான் சொல்றேன்."