கேட்டவளின் குரல்

"என்கூட யாரும் பேச மாட்டேங்கிறாங்க, சாமி," என்றாள் வினோதினி.

"நான் பேசுறேனே," என்றார் குரு.

"நீங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் பேசுறவர்."

அதை அவர் மறுக்கவில்லை.

ஞானக் கதைகளில் குரு ஆற்றங்கரையில் இருப்பது மரபு. இவர் இருந்தது அமராவதி அணைக்குக் கீழே, கைவிடப்பட்ட ஒரு பம்ப்செட் அறையில். மதகைத் திறந்தால் எதிரே ஆறு. மூடினால் வெறும் பாறை. வயதும் மரபுப்படி அமையவில்லை. வினோதினியைவிட இளையவர். அதை ஈடுகட்டத் தாடி வளர்த்திருந்தார்.

வினோதினியைப் பலருக்கும் தெரியும். 'நடை ராணி' என்ற தொலைக்காட்சிப் போட்டியின் முதல் சீசனில் கடைசி வாரம்வரை வந்து தோற்ற மாடல். ஜெயித்தவளின் பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லை. தோற்ற நிமிடத்தில் அழாமல் நின்ற இவளை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதன்பின் பட்டுப்புடவைக் கடைகளின் விளம்பரப் பலகைகளில் வருஷக்கணக்கில் மணப்பெண்ணாக நின்றாள். மாப்பிள்ளை எப்போதும் பலகைக்கு வெளியே.

இப்போது கல்லூரி விழாக்களுக்கு நடுவராகப் போகிறாள். பிள்ளைகள் முண்டியடித்து அவளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு கோயம்புத்தூரில் அவள் தன் ஃபிளாட் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போகிறாள்.

"யாரும்னா யாரு?" என்றார் குரு.

"என்கூடப் பேசாதது யாருன்னு கேட்டா, என் தங்கச்சி சுகந்தி. வைகாசியிலேருந்து என் போனை எடுக்கிறதே இல்லை. அவ குழந்தையை நான் இன்னும் பார்க்கலை. பல்லு முளைச்சிருச்சாம். அடுத்தவங்க சொல்லித்தான் தெரியும்."

"மத்தவங்க?"

"மத்தவங்க யாரும் பேசலைன்னா போகட்டும், சாமி. எனக்கு இவ வேணும். இதுக்கு முன்னாடி பார்த்த ஒரு சாமியார் மூச்சுப் பயிற்சி சொன்னார். இன்னொருத்தர் பேர்ல ஓர் எழுத்துச் சேர்க்கச் சொன்னார்."

"சேர்த்தீங்களா?"

"பேர்ல எழுத்துச் சேர்த்தேனான்னு கேட்டா, சேர்த்தேன். போன் அடிக்கலை."

குரு தாடியைச் சொறிந்தார்.

"சாப்டீங்களா, அம்மணி?"

"இன்னைக்கு நான் சாப்பிட்டேனான்னா, வர்ற வழியில உடுமலைப்பேட்டையில இட்லி சாப்பிட்டேன்."

"வழி சுலபமா கிடைச்சுதுங்களா?"

"இங்க வர்ற வழி எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பயணமே எனக்கு ஏதோ சொல்ற மாதிரி இருந்துச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"அந்தப் பயணம் எனக்கு என்ன சொல்லுச்சுன்னா..."

சொல்லத் தொடங்கினாள். நன்றாகவே சொன்னாள். கண்கள் குருவைப் பார்க்கவில்லை. அவர் காதுக்கு ஒரு சாண் அப்பால் நிலைத்திருந்தன. சரியான இடத்தில் குரல் தழுதழுத்தது. சரியான இடத்தில் புன்னகை வந்தது.

குரு ஏதோ சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே போய் வாய்க்காலில் முகம் கழுவினார். வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். தூரத்தில் ஒரு மீன்கொத்தி இரண்டு முறை ஏமாந்து மூன்றாம் முறை மீனோடு போவதைப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது அவருடைய பாயில் ஒரு வெள்ளாடு நின்று கோரையைத் தின்றுகொண்டிருந்தது. வினோதினி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆட்டின் காதுக்கு ஒரு சாண் அப்பால் பார்த்தபடி.

"அது ஒத்துக்குச்சுங்களா?" என்றார் குரு, வாசலிலிருந்து.

அவள் ஆட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எப்ப எந்திரிச்சுப் போனீங்க?"

"நீங்க ஆரம்பிச்சதுமே."

"சொல்லிட்டுப் போயிருக்கலாமே, சாமி."

"சொன்னேனுங்க. முகம் கழுவிட்டு வர்றேன்னேன்."

அவள் முகம் சிவந்தது.

"பழக்கம், சாமி. போட்டி நடந்த வீட்டுல ஒரு சின்ன ரூம் இருக்கும். தினமும் தனியா உட்கார வெச்சுக் கேள்வி கேட்பாங்க. கேட்கிறவங்க குரலை அப்புறம் வெட்டிருவாங்க. டி.வி.யில நாம பேசுறது மட்டும்தான் வரும். அதனால கேள்வியையும் சேர்த்து நாமளே சொல்லிடணும். வெறுமனே 'ஆமா', 'இல்லை'ன்னு மட்டும் சொன்னா, திரும்பச் சொல்லும்பாங்க. கேமராவைப் பார்க்கக் கூடாது. அதுக்குப் பக்கத்துல பார்க்கணும்."

"பக்கத்துல யாரு இருப்பா?"

"பக்கத்துல யாருன்னா, ஒரு பொண்ணு. இருட்டுல உட்கார்ந்திருப்பா. அவதான் கேட்பா. அப்பா இறந்துட்டார்னு சேதி வந்தப்பகூட நான் முதல்ல பேசினது அவகிட்டதான்."

"அவ பேரு?"

"அவ பேரு என்னன்னா..."

நிறுத்தினாள்.

"கேட்டதில்லை."

ஆடு பாயின் ஒரு மூலையை முடித்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போயிற்று. பொதுவாக ஆடுகள் குருமார்களைவிட முறையாக வேலை செய்பவை.

"தங்கச்சி கடைசியா என்ன கேட்டாங்க?"

"நான் சொன்னது ஞாபகம் இருக்கு, சாமி. 'முதல் பிரசவத்தை நினைச்சுத் தங்கச்சி பயப்படுறப்ப, ஓர் அக்காவா நான் என்ன ஃபீல் பண்றேன்னா'ன்னு ஆரம்பிச்சேன். நல்லா வந்துச்சு. முடிச்சுட்டுப் பார்த்தா, எப்பவோ போனை வெச்சிருக்கா."

"நீங்க சொன்னது சரி. அவங்க கேட்டது?"

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். வெகுநேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டா," என்றாள் கடைசியில். "'பயமா இருக்குக்கா, வர்றியா?'ன்னா."

குரு ஆட்டின் வாயிலிருந்து ஒரு கோரையை உருவினார்.

"அன்னைக்கு ஒரு கடைத் திறப்பு இருந்துச்சு, சாமி."

இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இது யார் நம்பர்னு அவங்களுக்குத் தெரியாது. எடுப்பாங்க."

"எடுத்தா நான் என்ன பேசுறது?"

குரு ஆட்டின் காதைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

அறையில் அவள் மட்டும் இருந்தாள். தங்கையின் எண் மனப்பாடமாகத் தெரியும். அழுத்தினாள்.

"யாருங்க?" சுகந்தியின் குரல். பின்னால் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"நான்."

மறுமுனையில் பேச்சு நின்றது. தட்டும் சத்தம் மட்டும் வந்தது.

வினோதினிக்குச் சொல்ல நிறைய இருந்தது. காரில் வரும்போதே அடுக்கி வைத்திருந்தாள். முதல் வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

குழந்தை தட்டுவதை நிறுத்தியது. யாரோ அதைத் தூக்கியிருக்க வேண்டும். பெரிதாக ஒரு மூச்சு கேட்டது. அது குழந்தையுடையதா, சுகந்தியுடையதா என்று தெரியவில்லை.

வினோதினி பொத்திய கையை எடுக்கவில்லை.

"அக்கா," என்றாள் சுகந்தி. "லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."