நாச்சிமுத்து மாலத்தீவுக் கடலில் முங்கிய கதை

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கடலைப் பற்றிப் பேசும் உரிமை நாச்சிமுத்து ஒருவருக்குத்தான் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை; அவராக எடுத்துக்கொண்டார். ஏலம் முடிந்து ஆட்கள் மூட்டைகளின் மேல் சாய்ந்ததும் ஆரம்பிப்பார். லட்சத்தீவில் முங்கினேன், அந்தமானில் முங்கினேன் என்று அவர் சொல்லச் சொல்ல, கடல் ஏதோ சென்னிமலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவர் கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில். எல்லோரும் குளிக்கப் போனபோது கரையில் நின்று செருப்புகளுக்குக் காவல் இருந்தார்.

கதை நன்றாக இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. கேட்கிறவர்களுக்கும் ஆசை வந்துவிடும். அப்படி ஆசை வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய மனைவியின் தம்பி சின்னியப்பன். இன்னொருவர் பக்கத்துக் கடை ஆறுச்சாமி. மாலத்தீவுக்குப் போய், ஒரு வாரம் படகிலேயே தங்கி, தின்று, தூங்கி, நினைத்தபோது கடலுக்குள் முங்கி எழுந்து வருவது என்று ஏற்பாடு. நாச்சிமுத்துவுக்கும் சேர்த்தே இடம் பிடித்துவிட்டார்கள். அவரில்லாமல் எப்படிப் போவது?

முதல் நாள் காலை, படகு ஒரு பவளப் பாறைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்றது. முங்கக் கற்றுக்கொடுக்கும் கிங்ஸ்டன் தூத்துக்குடிக்காரர். அவர் மேல்தளத்துக்கு வந்து மூவரையும் உட்கார வைத்தார்.

"இங்க ஒரு வழக்கம் உண்டு அண்ணாச்சி. புதுசா இறங்குறவங்களை நான் கையப் புடிச்சு, விடாம கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்துருவேன். பழக்கம் உள்ளவங்க முதல்ல தனியா இறங்கி முங்கிக் காட்டணும். நம்மள்ல யாருக்குப் பழக்கம் இருக்கு?"

ஆறுச்சாமி கோயில் தேரைப் பார்ப்பதுபோல நாச்சிமுத்துவைப் பார்த்தார். சின்னியப்பனும் பார்த்தார், அது வேறு மாதிரிப் பார்வை.

"பழக்கமில்லை" என்று ஒரு சொல் சொன்னால் போதும், கிங்ஸ்டனின் கை கிடைத்துவிடும். அகலமான, நம்பிக்கையான கை. நாச்சிமுத்து அந்தக் கையை ஏக்கத்தோடு பார்த்தார். ஆனால் வாய், மண்டியில் பழகிய வாய், அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"எனக்கென்னங்க தம்பி, இறங்கலாம். உங்களுக்குத்தான் நட்டம். நான் இறங்குனா நீங்க ஒரு மீனைப் பாக்க முடியாது. லட்சத்தீவுல அப்படித்தான் ஆச்சு. மஞ்சள்லயே கெடந்த ஒடம்பு பாருங்க, இறங்குன ஒடனே கண்ணுக்கெட்டுன தூரம் கடல் மஞ்சளாப் போச்சு. அதுல நீந்துன மீனெல்லாம் மஞ்சள் பூசிட்டுக் கரையேறுச்சு. பொம்பளைங்க அப்படியே அள்ளிச் சட்டில போட்டாங்க."

"உப்பு?" என்றார் சின்னியப்பன்.

"கடல்ல உப்புக்கா பஞ்சம் மாப்ள?"

"சரிங்க மச்சான். மொளகாப் பொடி?"

"அதைத்தான் வீட்ல இருந்து எடுத்துட்டு வந்தாங்க. நான் இல்லாததைச் சொல்ல மாட்டேன்."

கிங்ஸ்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரப்பர் உடுப்புகளை எடுத்துக் கொடுத்தார். நாச்சிமுத்து சட்டை போடுகிற பழக்கத்தில் ஜிப்பு முன்னால் வரும்படி போட்டுக்கொண்டார். அனுபவசாலி போடுவதைப் பார்த்து ஆறுச்சாமியும் அப்படியே போட்டார். ஜிப்பு முதுகுப் பக்கம் வரவேண்டும் என்று கிங்ஸ்டன் சொன்னபோது, "லட்சத்தீவுல இப்படித்தான்" என்று பதில் வந்தது. ஆறுச்சாமி கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்து சிலிண்டர் வந்தது. அதன் கனத்தைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்கு ஒரு வழி தெரிந்தது.

"இது எனக்கு ஆகாதுங்க தம்பி. நான் ஒரு மூச்சு இழுத்தா இழுத்ததுதான். அந்தமான்ல வெள்ளிக்கிழமை இழுத்த மூச்சு, திங்கக்கிழமைதான் விட்டேன். விட்ட வேகத்துல, எஞ்சின் கெட்டு நின்ன படகு தானாப் போயி கரையில முட்டுச்சு. அன்னைக்கு மூச்சு விட்டது போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"நம்மூட்டு மாடிப்படி ஏறுனா உங்களுக்கு எளைக்குதே மச்சான்?"

"அது தரை மூச்சு மாப்ள. இது தண்ணி மூச்சு. ரெண்டுக்கும் தனித்தனிப் பை."

"அப்ப சரி அண்ணாச்சி" என்று கிங்ஸ்டன் சிலிண்டரைத் திரும்ப எடுத்தார். "இது இல்லாமலே இறங்குங்க."

நாச்சிமுத்து சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும், இருக்கட்டும். நாலு பேர் முன்னாடி ஒரு மரியாதைக்கு மாட்டிக்கறேன்."

சின்னியப்பன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். "மச்சான், ஒண்ணு சொல்லீர்றேன். நீங்க இன்னைக்கு முங்கிக் காட்டீட்டீங்கன்னா, நீங்க என்ன சொன்னாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன். முங்கலைன்னா, இனிமேல் மண்டியில கடல் கதை நான்தான் சொல்லுவேன். நீங்க மூட்டை மேல உக்காந்து கேக்கணும்."

நாச்சிமுத்துவுக்குக் கடலில் முங்குவதைவிட, மூட்டை மேல் உட்கார்ந்து சின்னியப்பன் சொல்வதைக் கேட்பது பயங்கரமாக இருந்தது. மச்சினனுக்குக் கதை சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி சொல்லித் தொலைப்பான்.

"இறங்கறதுக்கு ஒண்ணுமில்ல மாப்ள. ஆனா ஒரு ஆக்டோபஸ் எனக்காகக் காத்துட்டிருக்குது. போன தடவை அதுகிட்ட ஒரு முத்துச் சிப்பிய வெல பேசுனேன். நம்ம மாட்டுச் சந்தையாட்டம் துண்டைப் போட்டு, உள்ள வெரலப் புடிச்சு. எனக்கு ரெண்டு கை, அதுக்கு எட்டு. ஒரு கை ஏத்துது, ஒரு கை எறக்குது, ஒரு கை தரகு கேக்குது. நானும் விடல. ஓரமா வேடிக்கை பாத்துட்டிருந்த சுறா ஒண்ணு, ரெண்டு பேரும் விட்டுக்குடுத்துப் போங்கன்னு பஞ்சாயத்துக்கு வந்துருச்சு. பேரம் படியல. நான் இறங்குனா விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சுக்கும். பொழுது சாயற வரைக்கும் கைய விடாது."

"அது லட்சத்தீவு ஆக்டோபஸுங்க மச்சான். இது மாலத்தீவு."

"சொந்தக்காரங்க இருக்க மாட்டாங்களா?"

ஆறுச்சாமி மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, எனக்கு அந்த ஆக்டோபஸைக் காட்டுவீங்களா?"

அதற்கு மேல் நாச்சிமுத்துவால் தப்பிக்க முடியவில்லை. சின்னியப்பனைச் சமாளித்துவிடலாம், நம்புகிறவனை என்ன செய்வது? கண்ணாடியை மாட்டினார், மூச்சுக் குழாயை வாயில் கவ்வினார், படகின் பின்பக்கத்து ஏணியில் ஒவ்வொரு படியாகக் காலை வைத்தார். சில்லென்று ஏதோ பட்டது. கண்களை இறுக மூடிக்கொண்டார். காதெல்லாம் தன் மூச்சின் சத்தமே நிறைந்திருந்தது. குலதெய்வத்தைக் கூப்பிட்டார். வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தால், வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. உயிரோடுதான் இருக்கிறோம் என்று தெரிந்ததும் அவருக்குள் இருந்த மண்டிக்காரர் எழுந்துவிட்டார்.

தோளில் யாரோ தட்டினார்கள். மேலே வந்துவிட்டோம் என்று நினைத்து, குழாயைப் பிடுங்கிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"மாப்ள, ஆறுச்சாமி, கேட்டுக்குங்க. அடித்தரை வரைக்கும் போயிட்டேன். வெள்ளைத் திமிங்கலம். நம்ம மண்டிச் செவுரு தோத்துப் போகும். மூஞ்சியோட மூஞ்சி ஒட்டிட்டு நிக்குது, கண்ணுக்கு வேற எதுவுமே தெரியல. நான் நகரல, அதுவும் நகரல. கடைசில அதுக்குத்தான் மூச்சு முட்டுச்சு."

"அப்புறம்ணா?" என்றார் ஆறுச்சாமி.

கிங்ஸ்டன் குனிந்து, நாச்சிமுத்துவின் முகத்திலிருந்து ஆவி படிந்து வெளுத்திருந்த கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்புறம் ஏணியை விடுங்க அண்ணாச்சி. தண்ணி இன்னும் உங்க முட்டிக்கே வரல."

சின்னியப்பன் சிரிக்கக்கூட மறந்து நின்றார்.

"இதை நான் போயி மண்டியில சொன்னா, புளுகறான்னு சொல்லுவாங்க மச்சான். ஒருத்தன் நம்ப மாட்டான்."

நாச்சிமுத்து ஏணியை விடாமலே நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நானே சொல்லிக்கறேன்" என்றார்.